வீட்டுத் தாழ்வாரத்தில் ஆர்க்கிட் செடிகள்

துளசி மாடமும், மல்லிகைப் பந்தலும், செம்பருத்திச் செடியும் நம் வீடுகளில் நெடுங்காலமாக இடம் பெற்றவை. அண்மைக் காலத்தில் இவற்றோடு ஆர்க்கிட் என்னும் செடியும் சேர்ந்து வருகிறது. இதன் மலர் பல நிறங்களில் விசித்திரமான உருவத்தோடு பூப்பது. மல்லிகையைப் போல் ஒரே நாளில் வாடாமல் ஒரு மாதத்திற்கு மேலும் செடியிலேயே வாடாது நிற்பது. ஆகையால் நகரத்தார் மட்டுமன்றிக் கிராமத்தாரும் இதனை விரும்பி வாங்குகின்றனர். ஆயினும், அவ்வாறு வாங்கிய செடிகளில் பெரும்பாலானவை அடுத்த மழைக் காலத்தைக் காண்பதில்லை. பூ உதிர்ந்ததும் இலை மஞ்சளித்து, தண்டு சுருங்கி, செடி மடிந்துபோகிறது. "இது மலை நாட்டுச் செடி, நம் வெயிலுக்கு ஒத்துவராது" என்று சொல்லி, தொட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிடுவதோடு பலருடைய முயற்சி முடிவடைகிறது.

இம்முடிவு சரியன்று. சமவெளியின் உஷ்ணத்தில் செழித்து வளரக்கூடிய ஆர்க்கிட் வகைகள் பல உள்ளன. அவை நம் வீடுகளில் மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயிலும் அன்று, கவனக் குறைவும் அன்று. அளவுக்கு மிஞ்சிய கவனமே ஆகும். செடி என்றால் மண் வேண்டும், எரு வேண்டும், காலையும் மாலையும் ஜலம் வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். நெல்லுக்கும் வாழைக்கும் பொருந்தும் இப்பழக்கத்தை ஆர்க்கிட் செடிக்கும் செய்வதால்தான் நஷ்டம் உண்டாகிறது. இச்செடியின் வேர் எத்தகையது என்பதை அறிந்துகொண்டால் மற்ற பக்குவங்கள் யாவும் தாமே விளங்கும்.

இதனை எழுதுபவரும் அந்தத் தவற்றைச் செய்தவரே. பல ஆண்டுகளுக்கு முன், ஊதா நிறப் பூவோடு கூடிய டென்ட்ரோபியம் செடி ஒன்றை வாங்கி வந்து, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் சம பாகமாகக் கலந்த பெரிய தொட்டியில் நட்டு, நாள்தோறும் இரு வேளை ஜலம் விட்டு வந்தேன். ஆறு வாரத்தில் தண்டின் அடி கறுத்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, வேர்கள் நனைந்த காகிதம் போல் இருந்தன. விரலால் இழுத்ததும் மேலுறை வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. எறியப்போன அச்செடியில் இரண்டு தண்டுகள் பச்சையாக இருப்பதைத் தோட்ட வேலை பார்த்த பெரியவர் கண்டு, அவற்றைப் பிரித்துத் தேங்காய் நாரில் சுற்றி, கொல்லையில் இருந்த மாமரத்தின் கவட்டில் கட்டினார். "இதற்கு வேர் மூச்சு விட வேண்டும் ஐயா, மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டிப் போகும்" என்றார். அவர் சொல்லிய ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் சாரம். அந்த இரண்டு தண்டுகளும் பிழைத்தன. மறு வருஷத்திற்கு அடுத்த வருஷம் பூத்தன.

புல்லுருவி அன்று

ஆர்க்கிட் குடும்பம் மிகப் பெரியது. உலகம் முழுவதிலும் சுமார் 28,000 இனங்களும், இந்தியாவில் சுமார் 1,250 இனங்களும் இக்குடும்பத்தில் அடங்கும். இவற்றுள் மண்ணில் வளர்பவையும் உண்டு. ஆயினும் அழகுக்காக வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மரங்களின் மீது வாழ்பவை. டென்ட்ரோபியம் என்னும் கிரேக்கச் சொல்லுக்கே மரத்தில் வாழ்வது என்பது பொருள்.

மரத்தின் மேல் வளர்வதைக் கண்டு இவற்றைப் புல்லுருவி என எண்ணுவோர் பலர். வாண்டா என்று இக்குடும்பத்தில் ஓர் இனம் உண்டு. அப்பெயர் மரத்தில் ஒட்டி வாழும் புல்லுருவியைக் குறிக்கும் சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது என்றால், இத்தவறான எண்ணம் எவ்வளவு பழமையானது என்பது விளங்கும். மா மரத்திலும் பிற மரங்களிலும் காணும் உண்மையான புல்லுருவியானது தன் வேரை மரத்தின் உள்ளே செலுத்தி அதன் சாரத்தை உறிஞ்சுகிறது; குடியானவர் அதனை வெட்டி எறிவது நியாயமே. ஆர்க்கிட் அவ்வாறு செய்வதில்லை. பட்டையின் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதற்கு மட்டுமே மரத்தை உபயோகிக்கிறது. மழை ஜலமும், காற்றிலுள்ள ஈரமும், பட்டையின் இடுக்குகளில் தங்கி மக்கும் இலைச் சருகும், பறவைகளின் எச்சமுமே அதற்கு ஆகாரம். ஆகையால் தோட்டத்து மரத்தில் ஆர்க்கிட் செடி தென்பட்டால் அதனை அகற்ற வேண்டிய அவசியமில்லை.

வேரின் இயல்பு

மரத்தில் தொங்கும் ஆர்க்கிட் வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது சாதாரண வேரைப் போல் மெல்லியதாக இராமல் பென்சில் பருமனுக்குக் கூடத் தடித்து, வெள்ளி போல் வெளுத்திருக்கும். இவ்வெண்மை வேரைச் சூழ்ந்துள்ள தக்கை போன்ற ஓர் உறையின் நிறமாகும். இவ்வுறையிலுள்ள அணுக்கள் உயிரற்றவை. உள்ளே காற்று நிரம்பியவை. மழைத் துளி பட்டவுடன் காகிதத்தில் மை பரவுவதுபோல் ஜலம் அவற்றில் ஏறி நிற்கிறது. உடனே உறை தெளிந்து, உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரிகிறது. பிறகு செடி அந்த ஜலத்தைச் சிறிது சிறிதாக உள்ளே இழுத்துக்கொள்ள, உறை மீண்டும் உலர்ந்து வெளுக்கிறது.

நனைவதும் உலர்வதும் மாறி மாறி நிகழ்வதே இவ்வேருக்கு இயற்கை. எந்நேரமும் ஈரத்தில் மூழ்கியிருந்தால், உறையில் காற்று நுழைய இடமின்றி வேர் அழுகுகிறது. வேர் அழுகிய பின் தொட்டியில் எவ்வளவு ஜலம் இருந்தாலும் செடி அதனைப் பருக முடியாது, இலை சுருங்குகிறது. இலை சுருங்கியதைக் கண்ட வீட்டார், ஜலம் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகின்றனர். ஆர்க்கிட் செடிகள் மடியும் வழி பெரும்பாலும் இதுவே.

எவ்வகை நமக்கு ஏற்றது

ஊரின் சீதோஷ்ணத்திற்கு ஏற்ற வகையைத் தெரிந்தெடுப்பது பாதி வெற்றியாகும். சமவெளியில் முதன்முதலாக வளர்க்கப் புகுவோர்க்கு டென்ட்ரோபியத்தின் கலப்பு வகைகள் மிகவும் சிலாக்கியமானவை. வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் இவை கிடைக்கின்றன. தாய்லாந்து தேசம் இவ்வகை மலர்களை ஏற்றுமதி செய்வதில் பெயர் பெற்றது. நம்முடைய சமவெளியும் அந்நாட்டைப் போல் உஷ்ணமானதே. வாண்டாவும், அதனைச் சேர்த்து உண்டாக்கப்பட்ட மொக்காரா என்னும் கலப்பு வகையும் வெளிச்சம் மிகுந்த இடங்களில் நன்கு பூக்கும். ஆன்சிடியம் என்னும் மஞ்சள் நிறச் சிறு பூ வகையை நிழலும் ஈரக் காற்றும் உள்ள தோட்டங்களில் முயன்று பார்க்கலாம். மண்ணிலேயே வளர்க்க விரும்புவோர்க்கு ஸ்பேதோகிளாட்டிஸ் என்னும் தரை ஆர்க்கிட் உள்ளது. இது ஒன்று மட்டும் வடிகால் உள்ள சாதாரணத் தோட்டக் கலவையில் வளரும்.

கடைகளில் மிக அழகாகக் காட்சியளிக்கும் பெலனாப்ஸிஸ் வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதன் பூ இரண்டு மூன்று மாதம் நிற்பது மெய்யே. ஆனால் மறுமுறை பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களேனும் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த குளிர்ச்சி அதற்கு வேண்டும். சென்னை போன்ற கரையோர ஊர்களில் மார்கழி, தை இரவுகளில் அன்றி அக்குளிர்ச்சி கிடைப்பதரிது. செடி இலை விட்டுப் பசுமையாக இருந்தும் பூக்கவில்லையே என்று வருந்துவோர் இக்காரணத்தை அறிதல் நலம். சிம்பிடியம் வகைக்கு இதனினும் மிகுந்த இரவுக் குளிர் தேவை. அது உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய மலையூர்களுக்கே உரியது. சமவெளியில் வாங்குவது வீண் செலவு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பூவை மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது. தொட்டியைச் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும்; செடி ஆடாமல் உறுதியாக நின்றால் வேர் பிடித்திருக்கிறது என்று அறியலாம். வேரின் நுனி பச்சையாகவோ செம்மையாகவோ இருப்பின் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. இலையில் கருமையான நீர் கோத்த புள்ளிகளும், தண்டின் அடியில் மென்மையும் இருந்தால் அச்செடியை விலக்க வேண்டும். முழுதும் மலர்ந்த செடியைவிட, பாதி மொக்காகவும் பாதி மலராகவும் உள்ள செடியே மேல். புதிதாக வந்த செடியை மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பூச்சி உண்டா என்று பார்ப்பதும் உசிதம்.

தொட்டியும் நிரப்புப் பொருளும்

பக்கங்களிலும் அடியிலும் துவாரமுள்ள மண் தொட்டி சிறந்தது. செடியின் வேர்த் திரளுக்குச் சற்றே பெரிதாக, 4 முதல் 6 அங்குல வாய் அகலமுள்ள தொட்டி போதுமானது. பெரிய தொட்டி பெருமைக்குரியதன்று. அதன் நடுப்பகுதி உலராமல் நிற்பதால் தீங்கே உண்டாகும். வாண்டாவுக்குத் தொட்டியே தேவையில்லை. மரச் சட்டங்களால் ஆன கூடையில் வைத்து வேர்களைத் தொங்கவிடலாம்.

தொட்டியில் மண்ணும் எருவும் இடலாகாது. கைப்பெருவிரல் அளவுள்ள கரித்துண்டு இரண்டு பங்கு, உடைத்த ஓட்டுச் சில்லு அல்லது செங்கல் துண்டு ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பினால் போதும். இவை யாவும் நம் வீட்டிலும் கொல்லையிலும் விலையின்றிக் கிடைப்பவை. கரியும் ஓடும் காற்றோட்டத்தைக் கொடுக்கும். மட்டை ஈரத்தைத் தாங்கும். ஈரக் காற்று மிகுந்த கரையோர ஊர்களில் மட்டையைக் குறைத்தும், கோயம்புத்தூர், மதுரை போன்ற உலர்ந்த ஊர்களில் சற்றுக் கூட்டியும் கொள்ளலாம். மட்டைத் துண்டுகளை உபயோகிக்குமுன் நான்கைந்து நாள் ஜலத்தில் ஊறவைத்து, நாள்தோறும் ஜலத்தை மாற்ற வேண்டும். அதிலுள்ள உப்பும் துவர்ப்புச் சாறும் நீங்காவிடில் வேர் நுனி கருகும். செங்கல் துண்டுகளையும் கழுவித் தூளை நீக்குதல் அவசியம்.

நடும்போது செடியின் அடித் தண்டு நிரப்புப் பொருளின் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். புதைத்தால் அழுகும். வேர் பிடிக்கும் வரையில் ஒரு மூங்கில் குச்சியோடு கட்டிவைத்தால் செடி ஆடாது.

இடமும் வெளிச்சமும்

ஆர்க்கிட் காட்டுச் செடியாதலால் இருட்டில் வளரும் என்பது பிழையான எண்ணம். அது மரக்கிளைகளின் ஊடே சிதறி விழும் வெயிலைப் பெறுவது. கிழக்குப் பார்த்த தாழ்வாரமும், மாமர நிழலும், 50 சதவிகித நிழல் வலையின் கீழ் அமைந்த மாடியும் டென்ட்ரோபியத்திற்கு ஏற்றவை. காலை வெயில் நேரே படலாம். உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் படலாகாது. வாண்டாவும் மொக்காராவும் மேலும் வெளிச்சத்தைத் தாங்கும். பெலனாப்ஸிஸ் மிகுந்த நிழலை விரும்புவது.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே சொல்லும். இலை கரும்பச்சையாகி நீண்டு தொங்கினால் வெளிச்சம் குறைவு, செடி பூக்காது. இலை சற்றே மஞ்சள் கலந்த இளம்பச்சையாகவும் விறைப்பாகவும் இருந்தால் வெளிச்சம் சரியான அளவு. வெளுத்த பட்டையும் உலர்ந்த புள்ளிகளும் தோன்றினால் வெயில் மிகுதி. நடுப்பகலில் இலையைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறதாயின் உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும்.

காற்றோட்டம் வெளிச்சத்திற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. சுவரோரம் நெருக்கி வைப்பதைவிட, கம்பியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடுதல் மேல். கோடையில் காற்று மிக உலர்ந்துபோனால், கூழாங்கல் பரப்பிய தட்டில் ஜலம் விட்டு, தொட்டியின் அடி ஜலத்தில் படாதபடி அதன்மேல் வைத்தால் சுற்றுப்புறம் குளிர்ச்சியாக இருக்கும். தரையை நனைத்து வைப்பதும் பயன்தரும்.

ஜலம் விடும் முறை

ஒரு நாளைக்கு எத்தனை முறை ஜலம் விட வேண்டும் என்பதே பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு நாட்கணக்கில் விடை சொல்ல இயலாது. வேரைப் பார்த்தே ஜலம் விட வேண்டும். வேர் வெளுத்திருந்தால் ஜலம் வேண்டும். பச்சையாக இருந்தால் வேண்டாம். வேர் கண்ணுக்குத் தெரியாத தொட்டிகளில் நிரப்புப் பொருளில் விரலைச் செலுத்திப் பார்க்கலாம். ஈரம் இருந்தால் மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

விடும்போது தொட்டி முழுதும் நனைந்து அடியால் வழியும்படி தாராளமாக விட வேண்டும். பிறகு உலரவிட வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது இரண்டும் கெட்ட முறை. காலை வேளையே ஏற்றது. மாலையில் விட்ட ஜலம் இலைக் குருத்தில் இரவு முழுதும் தங்கி அழுகலை உண்டாக்கும். குருத்தில் ஜலம் தேங்கியிருப்பின் துணியால் ஒற்றி எடுத்துவிடுதல் நலம்.

உப்புக் கரிக்கும் கிணற்று ஜலமும் ஆழ்துளைக் கிணற்று ஜலமும் இச்செடிக்கு ஆகா. உப்பு வேரின் உறையில் படிந்து நுனியைக் கருக்கும். மழை ஜலமே உத்தமமானது. கூரையிலிருந்து விழும் மழை ஜலத்தைப் பிடித்து மூடி வைத்துக்கொண்டால், பத்து இருபது தொட்டிகளுக்குப் பல வாரம் போதுமானதாகும்.

உரம்

நிரப்புப் பொருளில் சத்தில்லாமையால் உரத்தை ஜலத்தில் கரைத்தே கொடுக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் சமமாக அடங்கிய 20:20:20 என்னும் கரையும் உரத்தில் 1 கிராமை 1 லிட்டர் ஜலத்தில் கரைத்து, செடி புதிய தளிரும் வேரும் விடும் காலத்தில் வாரத்திற்கு ஒரு முறை தெளிக்கலாம். முதலில் வெறும் ஜலத்தால் வேரை நனைத்துவிட்டுப் பிறகு உரக் கரைசலைத் தெளிப்பது வேருக்குப் பாதுகாப்பு. மாதத்திற்கு ஒரு முறை வெறும் ஜலத்தை மிகுதியாக ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். அளவை இரட்டித்தால் பூ இரட்டிக்கும் என்று எண்ணலாகாது. வேர் கருகுவதே பலனாகும். சாணம், பிண்ணாக்கு, சோற்றுக் கஞ்சி முதலியவற்றைத் தொட்டியில் இடுவது காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்து, எறும்பையும் அழுகலையும் வரவழைக்கும்.

மரத்தில் கட்டி வளர்த்தல்

கொல்லையில் மரம் உள்ளவர்களுக்குத் தொட்டியைவிட மரமே எளிது. மா, பலா, சப்போட்டா முதலிய சொரசொரப்பான பட்டையுடைய மரங்கள் ஏற்றவை. கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டையை உரித்துக்கொள்வதால் அவற்றில் வேர் நிலைக்காது. மரத்தின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்தில், கவட்டிலோ சாய்ந்த கிளையிலோ, செடியின் வேரைப் பட்டையின் மேல் பரப்பி, சிறிது தேங்காய் நாரை வைத்துப் பருத்தித் துணிப் பட்டையால் அசையாமல் கட்ட வேண்டும். மழை தொடங்கும் தறுவாயில் கட்டினால், துணி இற்றுப்போவதற்குள் வேர் பட்டையைப் பற்றிக்கொள்ளும். முதல் சில மாதம் மட்டும் உலர்ந்த நாட்களில் ஜலம் தெளித்தால் போதும்.

பருவந்தோறும் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் மிகுவதால் கூடையில் தொங்கும் வாண்டாவுக்கு நாள்தோறும், மிக உலர்ந்த நாட்களில் இருமுறையும் ஜலம் தேவைப்படும். இரண்டாம் முறையையும் மாலைக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். தொட்டிச் செடிகளுக்கு நிழலைக் கூட்ட வேண்டும். ஆடிக் காற்றில் தொட்டிகள் விரைவில் உலரும். தொங்கும் தொட்டிகள் மோதி உடையாதபடி கட்ட வேண்டும். ஆடி, ஆவணி மாதங்கள் புதிய தண்டுகள் வளரும் காலமாதலால் உரம் தவறலாகாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களே ஆபத்தானவை. அடைமழை நாட்கணக்கில் நீடிக்கையில் செடிகளைத் தாழ்வாரத்தின் உட்புறம் மாற்றிவிட வேண்டும். ஒருநாள் மழை நன்மை செய்யும். ஒருவார மழை அழுகலைக் கொடுக்கும். இம்மாதங்களில் பல நாள் ஜலமே விட வேண்டியிராது. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாக இருக்குமாதலால் ஜலத்தையும் உரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். மாசி, பங்குனியில் புதிய வேர் நுனிகள் தோன்றும்போது மீண்டும் கூட்டலாம்.

தொட்டி மாற்றுதலும் பிரித்தலும்

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மட்டை மக்கி நிரப்புப் பொருள் இறுகியதும், தொட்டியை மாற்ற வேண்டும். பூ முடிந்து புதிய வேர் முளைக்கும் சமயமே ஏற்றது. டென்ட்ரோபியம் பக்கவாட்டில் தண்டு தண்டாகப் பெருகும் இனம். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நான்கு தண்டுகளாவது இருக்கும்படி வெட்டிப் பிரிக்கலாம். இலை உதிர்ந்த பழைய தண்டுகளைப் பயனற்றவை என்று வெட்டிவிடுவோர் உண்டு. அவை ஜலத்தையும் ஆகாரத்தையும் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியங்கள். மறுபடியும் பூப்பதும் உண்டு. மஞ்சளித்துச் சுருங்கினாலன்றி அவற்றை நீக்கலாகாது. தண்டின் கணுவில் வேரோடு குட்டிச் செடி தோன்றினால், வேர் இரண்டு அங்குலம் நீண்ட பின் பிரித்துத் தனியே நடலாம். வாண்டா ஒரே தண்டாக மேல் நோக்கி வளர்வது. அதன் மேற்பகுதியில் மூன்று நான்கு வேர்களாவது உண்டான பிறகே வெட்டி நட வேண்டும்.

பூச்சியும் நோயும்

இலையின் அடியிலும் கணுவிலும் பழுப்புச் செதில் பூச்சியும் வெண்ணிற மாவுப் பூச்சியும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். சில செடிகளே உள்ள வீட்டில் சோப்பு ஜலத்தில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தெடுப்பதே போதிய சிகிச்சை. மிகுந்திருந்தால் 1 லிட்டர் ஜலத்தில் 3 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்போடு கலக்கி, வெயில் இல்லாத வேளையில் தெளிக்கலாம். இலைப்பேன் மொக்குகளைச் சுரண்டி உருக்குலைக்கும். அத்தகைய மொக்குகளைக் கிள்ளி அழிக்க வேண்டும். நத்தை இரவில் வந்து வேர் நுனியையும் மொக்கையும் தின்றுவிடும். விளக்கோடு சென்று பொறுக்குவதே நேரான வழி.

இலையில் நீர் கோத்த புள்ளி தோன்றி நாளுக்கு நாள் பரவினால் அது அழுகல் நோயாகும். நோய் கண்ட பாகத்தோடு சிறிது நல்ல பாகத்தையும் சேர்த்து வெட்டி, வெட்டு வாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தூவி, சில நாள் ஜலம் விடாமல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். லவங்கப்பட்டைத் தூள் நல்ல வேரில் படலாகாது, அதனை உலர்த்திவிடும். ஒவ்வொரு செடியை வெட்டிய பின்பும் கத்தியை நெருப்பில் காட்டி எடுப்பது இன்றியமையாதது. மொசைக் முதலிய நச்சுநோய்கள் கத்தியின் வழியாகவே ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகின்றன, அவற்றுக்கு மருந்தில்லை.

விதையும் காடும்

ஆர்க்கிட் காயைப் பிளந்தால் மஞ்சள் தூள் போன்ற விதைகள் லட்சக் கணக்கில் பறக்கும். நெல்லிலும் பயற்றிலும் உள்ளதுபோல் முளைக்கு வேண்டிய ஆகாரம் அவ்விதையுள் இல்லை. ஆகவே இயற்கையில் ஒரு வகைக் காளான் இழை விதையோடு கூடி ஆகாரம் ஊட்டினாலன்றி அது முளைக்காது. இதனை 1899-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து நோயல் பெர்னார்டு என்பவர் கண்டறிந்தார். 1922-இல் அமெரிக்காவில் லூயி நட்ஸன் என்பவர், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த பாகில், கண்ணாடிக் குப்பிக்குள் காளான் இன்றியே விதையை முளைக்கச் செய்யலாமெனக் காட்டினார். 1960-இல் பிரான்சில் ஜார்ஜ் மொரெல் என்பவர் குருத்தின் நுனியிலிருந்து அநேக செடிகளை உண்டாக்கும் வழியைக் கண்டார். கடையில் இன்று கிடைக்கும் கலப்பு வகைச் செடிகள் இவ்வாறு குப்பியில் பிறந்தவையே. இவற்றை வாங்குவதால் எந்தக் காட்டுக்கும் நஷ்டமில்லை.

ஆனால் மலைப் பாதை ஓரங்களில், மரத்திலிருந்து பிய்த்த செடிகளைக் கட்டுக்கட்டாக விற்பதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். வேர் அறுந்து, பட்டைத் துண்டு ஒட்டிக்கொண்டு, தொட்டியின்றி இருப்பது அவற்றின் அடையாளம். விலை மலிவு என்று அவற்றை வாங்கிச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. லட்சம் விதைகளில் காளானின் துணை கிடைத்து, பட்டையில் பற்றி, பல ஆண்டு வளர்ந்து பூக்கும் நிலையை எய்திய செடி அது. பூத்துக் காய்க்கும் அச்செடியைப் பறித்தால் அம்மரத்தின் சந்ததியே அறுந்துபோகிறது. அகஸ்தியர் மலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் பேஃபியோபெடிலம் ட்ரூரியை என்னும் அரிய ஆர்க்கிட், அழகுக்காகப் பறிக்கப்பட்டே அழிவின் விளிம்புக்கு வந்தது.

இத்தீங்கைத் தடுக்கச் சட்டமும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தத்தால், மேற்சொன்ன பேஃபியோபெடிலம் இனங்களும், நீல வாண்டாவும், சிவப்பு வாண்டாவும் பாதுகாக்கப்பட்ட செடிகளாயின. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் ஆர்க்கிட் குடும்பம் முழுதுமே அடங்கும். இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. காட்டு ஆர்க்கிட்டுகளைக் காண விரும்புவோர் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டிற்குச் செல்லலாம். இந்தியத் தாவர ஆய்வு இலாகா 1963-இல் அங்கே தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. சிக்கிம் ராஜ்யத்தின் பாக்கியாங்கில் 1996 முதல் ஆர்க்கிட்டுக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடைபெற்று வருகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிச் சொன்னால், கலப்பு வகையாகப் பார்த்து இரண்டு செடிகள் வாங்குக, மண்ணைத் தவிர்த்துக் கரியிலும் ஓட்டிலும் நடுக, காலை வெயில் படும் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுக, வேர் வெளுத்த பின்னரே ஜலம் விடுக, அடைமழையிலிருந்து காத்திடுக. இவ்வைந்தும் பெருஞ்செலவுக்கு உரியவை அல்ல. சிறு பிள்ளைகளிடம் ஒரு செடியை ஒப்புவித்து, காலைதோறும் வேரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும்படி பழக்கினால், செடியும் பிழைக்கும். பிள்ளைகளும் ஒரு செடியை உற்று நோக்கக் கற்றுக்கொள்வர்.

மாமரக் கவட்டில் அப்பெரியவர் கட்டிய இரண்டு தண்டுகள் இன்று கிளையைச் சுற்றிலும் படர்ந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து பிரித்த செடிகள் அயல் வீடுகள் சிலவற்றிலும் பூக்கின்றன. அவற்றைக் கேட்டு வருவோர்க்கெல்லாம், செடியோடு அவர் சொல்லிய வாக்கியத்தையும் சேர்த்தே கொடுத்து வருகிறோம்.